பொயிலர் அறை விரதம்

பிள்ளைகளே, உங்கள் அப்பாவைப் பற்றி உங்களிடம் பெரிய எண்ணம் ஏதும் இருந்தால், இதை வாசிக்கத் தொடங்க முன்னம் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்துவிட்டுக் குறைப்பதைவிட இப்போதே குறைப்பது சுகம்.

சின்னவன், போன கிழமை நீ பள்ளிக்கூடத்தில் சமய பாடத்துக்கு எழுந்து நின்று, என் அப்பா கிழமைக்கு இரண்டு நாள் விரதம் இருக்கிறவர் என்று ஆங்கிலத்தில் சொன்னாயாம். டீச்சர் வகுப்பு முழுவதையும் கைதட்ட வைத்தாராம். வந்து பெருமையாய்ச் சொன்னாய். பெரியவள் போனில் இருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள். அம்மா என்னைப் பார்த்தா. நான் என் சோற்றுக் கோப்பையைப் பார்த்தேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. விரத நாள். கோப்பையில் சோறும் மூன்று கறியும், வாழைக்காய்ப் பொரியலும், அதன்மேல் ஓர் அப்பளமும் இருந்தன.

அந்தக் கைதட்டலை நான் முன்பும் வாங்கியிருக்கிறேன். பதினொரு வருடம் வாங்கினேன். அது எப்படி முடிந்தது என்று உங்கள் இருவருக்கும் தெரியவேண்டும். வாயால் சொல்ல வெளிக்கிட்டால் பாதியை அம்மா பறித்துக்கொள்வா என்பதால் எழுதுகிறேன். நான் ஓ.எல். வரைதான் படித்தவன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு டீச்சரிடம் இதைக் காட்டவேண்டாம்.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நம் வீடு இருக்கிற வால்தம்ஸ்டோவில் இருந்து ஒரு பஸ் தூரம். யூதர்களின் ஜெபக்கூடம், சினகோக் என்பார்கள். அதில் நான் கேர்டேக்கர். கதவு திறப்பது, கதிரை அடுக்குவது, கூட்டித் துடைப்பது, கட்டடத்தைச் சூடாக்கும் பொயிலர் நின்றுபோனால் அதோடு சண்டை பிடிப்பது. அவர்களுடைய ஓய்வுநாளில் அவர்கள் மின்விளக்கைத் தொடமாட்டார்கள். முதல் நாளே எல்லாவற்றுக்கும் நேரம் வைத்துவிடுவது என் வேலை. மரியாதையான வேலை. மரியாதை கெட்டது நான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கந்தோரில், அதுதான் அலுவலகத்தில், வேலை செய்த யூத அம்மா எனக்குப் பொரித்த மீன் ஒரு தட்டில் கொண்டுவந்தா. அந்தக் காலத்தில் என் ஆங்கிலம் வாசல்படி தாண்டாத ஆங்கிலம். இன்றைக்கு மீனோ இறைச்சியோ, எந்த மச்சமும் சாப்பிடமாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. "டுடே பாஸ்டிங்" என்றேன். இன்றைக்கு விரதம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதுதான். அவ தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டா. ஒவ்வொரு வெள்ளியுமா என்று கேட்டா. வெள்ளி, பிறகு செவ்வாய், பிறகு ஐப்பசியில் ஆறு நாள் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அவவுடைய கண் பெரிதானது. நானும் நல்லாய்த்தான் நிமிர்ந்து நின்றேன்.

பொய் சொல்லவில்லை. நமக்கு விரதம் என்றால் என்ன? மச்சம் இல்லை. உள்ளி வெங்காயம்கூட ஒழுங்கான ஆட்களுக்கு இல்லை. மற்றபடி வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை. வயிற்றைக் காயப்போடுவதற்கு உபவாசம் என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லை அகராதியில் பத்திரமாக வைத்திருக்கிறோம், எடுப்பதில்லை.

ஹரோவில் இருக்கிற அம்மாவின் அண்ணன், உங்கள் ஹரோ மாமாவையே பாருங்கள். கோயில் சபையில் பெரிய ஆள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமும் மட்டும் என்று ஊருக்கெல்லாம் செய்தி அனுப்புவார். பால் என்றால் பாதாம் அரைத்துவிட்டு, ஏலக்காய் போட்டு, மாமி இரண்டு மணிக்கு ஒருதரம் நீட்டும் பால். பழம் என்றால் முந்திரிகை, பேரீச்சை, அவகாடோவில் சீனி போட்டுப் பிசைந்தது. ஏழாம் நாள் விரதம் முடிக்கும் பாறணைக்குப் பதினெட்டுக் கறி. ஆறு நாள் விரதம் இருந்து இரண்டு கிலோ கூடிய மனிதரை இந்த நாட்டில் வேறு எங்கும் காணமாட்டீர்கள். மெலிந்துபோனேன் பாரும் என்று என்னிடமே கன்னத்தைக் காட்டியிருக்கிறார்.

அது கிடக்கட்டும். அந்த வருடம் இலையுதிர் காலத்தில் யோம் கிப்பூர் வந்தது. யூதர்களுக்கு வருடத்திலேயே பெரிய நாள். செய்த பாவத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு நோன்பு இருக்கும் நாள். விடியவே கூடம் நிறைந்துவிட்டது. நல்ல கோட்டும் சூட்டும் போட்ட மனிதர்கள் காலில் துணிச் சப்பாத்தும் ரப்பர்ச் செருப்புமாக வந்தார்கள். அன்றைக்குத் தோல் சப்பாத்துப் போடக்கூடாதாம். நம் கோயிலில் வெளியே கழற்றுகிறோம், இவர்கள் மாற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் நமக்குத் தெரிந்த விஷயம்தானே என்ற கொழுப்பு.

அந்தக் கூடத்துக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார். கோட்டுத் தைக்கும் வேலை செய்து ஓய்வெடுத்தவர். மனைவி இல்லை. மகளோடு பக்கத்துத் தெருவில் இருக்கிறார். யார் எப்போது மேடைக்கு ஏறி வாசிப்பது என்று ஒழுங்கு பண்ணுகிறவர். என்னை "மை போய்" என்பார், நாற்பது வயதுக்காரனை. அதைத் தம்பி என்றே போடுகிறேன். அவர் ஆங்கிலத்தில் பேசியதெல்லாம் என் காதில் நம் பக்கத்துக் கிழவர் பேசுவது மாதிரித்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

அன்று மத்தியானம், காலையில் இருந்து நிற்கிறாரே என்று இரங்கி, கூடத்துச் சமையலறையில் இருந்து ஒரு போத்தலில் பாலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். விரதகாரருக்குப் பாலும் பழமும் கொடுத்தால் புண்ணியம் அல்லவா? பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் வாழைப்பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மெல்லச் சொன்னார், நேற்றுப் பொழுதுபட்டதில் இருந்து இன்று இருட்டும்வரை இருபத்தைந்து மணித்தியாலம் தண்ணீர்கூட இல்லை என்று. சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"உனக்குத் தெரியும்தானே தம்பி, எவ்வளவு கஷ்டம் எண்டு. நாங்கள் வருசத்திலை ஒருநாள். நீ கிழமைக்கு ரெண்டு நாள்."

அப்போதுதான் விளங்கியது, ஆறு மாதமாக நான் அந்தக் கட்டடத்தில் என்னவாக நடந்து திரிந்திருக்கிறேன் என்று.

அந்த இடத்தில் என் வாய் திறந்திருக்க வேண்டும். இல்லை ஐயா, நான் சொன்னது வேறு, மத்தியானம் நல்லாய்ச் சாப்பிடுகிறவன் நான் என்று ஒரு வசனம். திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லலாம். அகதியாக வந்து, குரோய்டனில் அந்தப் பெரிய குடிவரவுக் கட்டடத்துக்கு வெளியே வரிசையில் நின்ற நாட்களில் விடிய நாலு மணியில் இருந்து பச்சைத்தண்ணீர் இல்லாமல் நின்றிருக்கிறேன். அதை ஒருவரும் நோன்பு என்று சொல்லவில்லை. என் தோளில் கை வைக்கவும் இல்லை. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை ஒரு பிழையான சொல்லுக்குக் கிடைத்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. காரணம் இவ்வளவுதான். இது காரணமே தவிர நியாயம் இல்லை.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் நான் எங்கே சாப்பிட்டேன் தெரியுமா? பொயிலர் அறையில். நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. கதவை உள்ளால் பூட்டிக்கொண்டு, கவிழ்த்துவைத்த வாளியில் இருந்துகொண்டு, அம்மா கட்டித்தந்த தோசையும் சம்பலும், உழுந்து வடையும். வேர்த்து ஒழுகும். மணம் மேலே போகக்கூடாது என்று கதவின் கீழ் இடுக்குக்கு ஈரத் துணி வைப்பேன். வெளிச் சாப்பாடு கட்டடத்துக்குள் வரக்கூடாது என்பது முதல் நாளே சொல்லித்தந்த சட்டம். அவர்களுடைய உணவுச் சுத்தம் அப்படி. ஆகவே விரதமும் பொய், விரதச் சாப்பாடும் களவு. மேலே ஏறி வரும்போது முகத்தைக் கொஞ்சம் வாட வைத்துக்கொண்டு வருவேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

பெயர் வளர்ந்தது. ரபி, அதுதான் அவர்களுடைய குரு, வருடாவருடம் யோம் கிப்பூர்ப் பிரசங்கத்தில் நம் கதவைப் பூட்டுகிற மனிதரை நினையுங்கள் என்று ஒரு வசனம் சேர்த்துக்கொண்டார். அங்கும் எல்லாரும் பெரிய தவசிகள் என்று நினைக்கவேண்டாம். வருடத்தில் ஒருநாள் மட்டும் தலைகாட்டிவிட்டு, பத்து மணிக்கே மணிக்கூட்டைப் பார்த்து, கோப்பி இல்லாமல் தலை இடிக்கிறது என்று முற்றத்தில் நின்று முனகும் கூட்டமும் உண்டு. அவர்களுக்கு என்னைக் காட்டி வாயை மூடவைப்பார்கள். இடுப்பில் சாவித் திறப்புக் கோர்வையோடு நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அடக்கம் என்று நினைத்தார்கள். வடையின் எண்ணெய் மீசையில் இருக்கிறதோ என்ற பயம் அது.

அவர்களுடைய நாள் செவ்வாயிலோ வெள்ளியிலோ விழுவதே இல்லை. நாட்காட்டி அப்படி. அதனால் ஒரே நாளில் இரண்டு விரதமும் வந்து நான் பிடிபடும் ஆபத்தும் இருக்கவில்லை. கடவுளே எனக்கு உடந்தை என்று ஒருதரம் நினைத்துச் சிரித்துமிருக்கிறேன்.

பதினோராம் வருடம் யோம் கிப்பூர் புதன்கிழமை. அதற்கு முதல் நாள் செவ்வாய் பின்னேரம், பொயிலர் அறையில் ஐந்து வடையில் மூன்றை முடித்துவிட்டு, மிச்சத்தைப் பேப்பரில் சுற்றி வைத்துவிட்டு, மேலே வந்து கதிரை அடுக்கிக்கொண்டிருந்தேன். மூத்தவர் வந்தார். துணிச் சப்பாத்தைக் கையில் வைத்திருந்தார். அவருக்கு எண்பத்திரண்டு வயது. கடுமையான சீனி வருத்தம். நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போடுகிறவர். இந்த முறை நோன்பு இருக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். ரபியும் சொல்லிவிட்டாராம். அவர்களுடைய சட்டத்தில் உயிருக்கு ஆபத்து என்றால் சாப்பிடுவதுதான் கடமை, சாப்பிடாமல் விடுவது குற்றம். அதெல்லாம் எனக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு சொன்னார், தான் நோன்பு இருக்கப்போவதாக. டொக்டரிடமும் சொல்லிவிட்டு வந்தாராம்.

"டொக்டருக்குச் சொன்னன், எங்கட கட்டடத்திலை ஒருத்தன் வருசத்துக்கு நூறு நாள் இருக்கிறான், கையிலை துடைப்பத்தோடை. அவன் விழேல்லை. நான் ஒருநாளிலை விழுந்துடுவனோ எண்டு."

என் வாயில் அப்போதும் உழுந்தின் சுவை இருந்தது.

பிறகு எழுந்து நின்று அவர்களுடைய வழக்கப்படி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த நாளுக்கு முன்னால் ஒருவரிடம் ஒருவர் நேரில் கேட்கவேண்டும். மனிதனுக்குச் செய்ததைக் கடவுள் மன்னிக்கமாட்டாராம், அந்த மனிதன்தான் மன்னிக்கவேண்டுமாம். "இந்த வருசம் உனக்கு ஏதும் பிழை செய்திருந்தா மன்னிச்சுக்கொள்" என்றார். நோ புரொப்ளம், நோ புரொப்ளம் என்று கையை ஆட்டினேன். நல்லாய் ஆட்டினேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் சப்பாத்தை மாற்றிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா மா குழைத்துக்கொண்டிருந்தா. குழைத்த கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா:

"இஞ்சேருங்கோ, அந்த மனிசன் செத்துக்கித்துப் போனா, வாற வெள்ளி என்னெண்டு வடை சாப்பிடுவியள்?"

நான் கோட்டைக் கழற்றிக் கொளுவினேன். அம்மா விடவில்லை.

"நீங்கள் சொல்லாட்டி நான் பஸ் எடுத்துப் போய்ச் சொல்லுறன். பதினொரு வருசமா நான்தான் கட்டிக் குடுத்தனான் எண்டும் சொல்லுவன்."

அந்த நேரம் பார்த்து ஹரோ மாமா அம்மாவுக்குப் போன் எடுத்தார். அம்மா விஷயத்தைச் சொல்லிப் போனை ஸ்பீக்கரில் போட்டா. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். சபைக் கூட்டத்தில் செருமுகிற அதே செருமல்.

"மச்சான், சொல்லுறதைக் கேளும். அது அவையின்ர சமயம், அவையின்ர டொக்டர். நீர் ஏன் நடுவிலை போறீர்? அவையள் எங்களைப் பற்றி உயர்வா நினைச்சுக்கொண்டிருக்கினம். நீர் போய், நாங்கள் விரதம் எண்டு சொல்லிப்போட்டுச் சாப்பிடுறனாங்கள் எண்டு சொன்னா, சனத்தின்ர மானம் என்னாகும்?"

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று அம்மா கேட்டா.

"இண்டைக்குச் செவ்வாய் எல்லே, விரதம். இடியப்பமும் சொதியும். கொஞ்சம் கத்தரிக்காய்க் குழம்பு."

அம்மா போனை வைத்தா. மாமாவுக்கு எதற்காகப் போனை வைத்தா என்று இன்றைக்கும் விளங்கியிருக்காது.

விடிந்ததும் சொல்லிவிடுவது என்று போனேன். சொல்லவில்லை. ஆட்கள் வந்துவிட்டார்கள், அவர் மேடையில் நிற்கிறார், கூடம் நிறைந்துவிட்டது, இடையில் கூப்பிடக்கூடாது. இப்படி ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு சாட்டு எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. பின்கதவடியில் நின்றேன். அன்றைக்கு அவர்கள் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, முஷ்டியால் நெஞ்சில் மெல்லத் தட்டிக்கொள்வார்கள். புத்தகத்தில் எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலத்தில் இருக்கும், நான் வாசித்திருக்கிறேன். நாங்கள் பொய் சொன்னோம், நாங்கள் ஏமாற்றினோம் என்று எல்லாம் நாங்கள்தான், நான் என்று ஒன்றுமில்லை. எல்லாரும் சேர்ந்து சொன்னால் ஒருவருக்கும் நோகாது, நல்ல ஏற்பாடு என்று வருடாவருடம் மனதுக்குள் நக்கலடித்திருக்கிறேன். பதினொரு வருடம் அதைக் கேட்டும் நோகாமல் நின்ற நெஞ்சு யாருடையது என்று நினைக்கவில்லை.

மத்தியானம் தாண்டி ஒரு மணியிருக்கும். மூத்தவர் மேடைக் கம்பியைப் பிடிப்பதைக் கண்டேன். சும்மா பிடிக்கிற பிடி அல்ல. முகம் சுண்ணாம்பு மாதிரி. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கை நடுங்கியது. நான் ஓடிப்போய்க் கக்கத்தில் கை கொடுத்துப் பக்கத்து அறைக்குக் கொண்டுவந்து இருத்தினேன். ரபி பின்னால் வந்தார். சின்னப் பிள்ளைகளுக்கென்று குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த தோடம்பழச் சாற்றை ஒரு கிளாசில் ஊற்றிக் கொண்டுவந்து அவர் வாயடியில் பிடித்தார். கிழவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். குடிக்காமல் விடுவதுதான் இன்றைக்கு உங்களுக்குப் பாவம் என்றார் ரபி.

"எண்பத்திரண்டு வயசிலை ஒரு புதுப் பாவம் செய்து பாக்கிறன்" என்றார் கிழவர். நாக்குத் தடித்திருந்தது. என்னைக் கண்ணால் காட்டினார். "அவன் இருக்கிறான். நானும் இருப்பன்."

இனிச் சாட்டு ஒன்றும் மிச்சமில்லை.

"நான் இருக்கிறேல்லை" என்றேன். "நான் சாப்பிடுறனான். செவ்வாயும் சாப்பிடுறனான், வெள்ளியும் சாப்பிடுறனான். மச்சம் மட்டும்தான் இல்லை."

கிழவர் சிரித்தார். "பாத்தீங்களே ரபி, என்னைக் காப்பாத்த இந்த நாளிலை பொய் சொல்லுறான். தங்கமான பிள்ளை."

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் நான் உண்மை சொன்ன அந்த ஒரு நேரத்துக்கும் எனக்குக் கிடைத்தது பாராட்டு. அவ்வளவு நல்லவனாக என்னை நானே செய்து வைத்திருந்தேன், உண்மையால் அதை உடைக்க முடியவில்லை.

கீழே ஓடினேன். பொயிலருக்குப் பின்னால் இருந்ததை எல்லாம் அள்ளினேன். ஊறுகாய்ப் போத்தல், எவர்சில்வர்த் தட்டு, அரைப் பைக்கற் மிக்சர், நேற்றுச் சுற்றி வைத்த இரண்டு வடை. கொண்டுவந்து அவர் முன்னால் மேசையில் பரப்பினேன். வடைப் பேப்பரை விரித்தேன். நோன்பு இருக்கிற இருவருக்கு முன்னால், வெளிச் சாப்பாடு வரக்கூடாத கட்டடத்தில். ரபி முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டார். மூக்கை எங்கே திருப்புவது? நேற்றுச் செவ்வாய், இது நேற்றையது, ஐந்தில் மூன்றைச் சாப்பிட்டேன், நீங்கள் வந்து இருந்தபோது அது என் வயிற்றில் இருந்தது என்றேன்.

கிழவர் வடையைப் பார்த்தார். எண்ணெய் ஊறிய பேப்பரைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

"எவ்வளவு காலம்?"

"பதினொரு வருசம்."

"எங்கை வைச்சு?"

"பொயிலர் அறையிலை."

"அந்தச் சூட்டிலையோ?"

"ஓம்."

நீட்டிப் பிடித்திருந்த ரபியின் கையில் இருந்து கிளாசைப் பறித்தார். ஒரே மூச்சில் குடித்தார். குடிக்கும்போது கிளாசின் விளிம்புக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இகழ்ச்சி புதிது இல்லை. குரோய்டனில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமலே இகழ்ந்திருக்கிறார்கள். அது தோலில் பட்டுப் போய்விடும். இது என்னை நல்லாய்த் தெரிந்த ஒருவருடைய பார்வை. ரபி இரண்டாவது கிளாஸ் ஊற்றினார். அதையும் குடித்தார். கோபத்தில்தான் குடித்தார். கோபம் அவரைக் காப்பாற்றியது. நான் காப்பாற்றினேன் என்று யாரும் எழுதிவிடவேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் நின்றது. முகத்தில் நிறம் வந்தது. நான் சொறி என்றேன். நம் ஆட்கள் அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதும்போது சொறி என்றே எழுதுகிறார்கள். சரியாகத்தான் எழுதுகிறார்கள். கடித்த இடத்தில் நகம் போவது மாதிரி, யோசிக்காமல் வருகிற சொல்.

"அது ஒண்டு" என்றார் கிழவர்.

எனக்கு விளங்கவில்லை. ரபி விளக்கினார். பிழை செய்தவன் மூன்று தரம் நேரில் கேட்கவேண்டும். மூன்றாம் தரமும் மற்றவர் மறுத்தால், அதற்குப் பிறகு அது மறுத்தவருடைய பாடு. கிழவர் முதலாவதை எண்ணிக்கொண்டார், மன்னிப்பைக் கொடுக்கவில்லை.

மிச்சப் பொழுது முழுவதும் ரபி சொன்னபடி, அந்த அறையிலேயே இருந்துகொண்டு, சின்னக் கிளாசில் இடைக்கிடை குடித்தார். நேரம் பார்த்துக் கொண்டுபோய் வைத்தது நான்தான். வைக்கும்போதெல்லாம் புத்தகத்தில் இருந்து கண்ணை எடுக்கமாட்டார். இன்றைக்கும் இருக்கிறார் அவர். ஒவ்வொரு யோம் கிப்பூருக்கும் சின்னக் கிளாசோடு அந்த அறையில் இருந்து புத்தகம் வாசிப்பார். அதை முதலே சொல்லியிருக்கலாம், நீங்கள் பயந்திருக்கமாட்டீர்கள். நான் கொஞ்சம் பயந்தேன், நீங்களும் பயப்படட்டும் என்று விட்டேன்.

பொழுதுபட்டது. கடைசியில் அவர்கள் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதினார்கள். நீட்டி ஒரே ஒரு ஊது. உடனே கூடம் முழுக்கச் சத்தம், சிரிப்பு, நோன்பு நல்லாய்க் கழிந்ததா என்ற விசாரிப்பு. காலையில் தலையிடி என்று முனகியவர்கள்தான் முதலில் கதவால் பாய்ந்தார்கள். மூத்தவர் மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார். நான் வாசல் படலைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த முறை சொறி என்று சொல்லவில்லை. நான் உங்களுக்குப் பொய்யனாக இருந்துவிட்டேன், உங்கள் உயிரோடு விளையாடிவிட்டேன், மன்னியுங்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழுவதும் சொன்னேன். மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழவர் நின்றார்.

"ரெண்டு" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினார். "மூண்டாவதை என்னட்டைக் கொண்டுவராதை, தம்பி. நீ எனக்கு மட்டுமே கதை விட்டனீ?"

போய்விட்டார்கள். ரபியும் போய்விட்டார். நான் கதிரைகளை அடுக்கினேன், கூட்டினேன், கீழே போய்ப் பொயிலரை ஒருதரம் பார்த்தேன். பிறகு கந்தோரைத் திறந்தேன். அங்கே ஒரு கொப்பி இருக்கிறது. எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த பல்ப் போய்விட்டது என்று நான் எழுதி வைப்பேன். அடுத்த நாள் கந்தோர் அம்மா வாசிப்பா, பிறகு ரபி வாசிப்பார், பிறகு கமிட்டிக்காரர் எல்லாரும் வாசிப்பார்கள். புதுப் பக்கம் திருப்பினேன். பதினொரு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் வீட்டில் இருந்து கொண்டுவந்த சாப்பாட்டைப் பொயிலர் அறையில் வைத்து வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். ஒரு வசனத்துக்கு மூன்று தரம் வெட்டித் திருத்தவேண்டியிருந்தது. கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். கொப்பியை அவவுடைய மேசையில் விரித்து வைத்தேன். பக்கம் தானாக மூடப் பார்த்தது. மேலே ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்தேன்.